பழைய வண்ண அச்சுக் கண்ணாடி எங்கே பிறந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன், வியர் ஆகிய ஆறுகளின் கரையில் இருந்த தொழிற்சாலைகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் வண்ணக் கண்ணாடிப் பொருள்களை அச்சில் அழுத்திச் செய்து உலகெங்கும் விற்றன. ஊதாவில் வெள்ளை வரி ஓடும் கிண்ணம், விளிம்பு மட்டும் பால்நிறமாக வெளுத்த மஞ்சள் குவளை, தந்த நிறப் பூச்சாடி போன்றவை இன்று சேகரிப்போர் கைக்கு வரும்போது, இவை கேட்ஸ்ஹெட்டில் பிறந்தவையா, சண்டர்லேண்டில் பிறந்தவையா, அல்லது பென்சில்வேனியாவிலோ பொஹீமியாவிலோ செய்யப்பட்டவையா என்ற கேள்வி எழுகிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த வடகிழக்கு இங்கிலாந்துக் கண்ணாடியைப் பற்றியவை. அதனோடு குழப்பிக்கொள்ளப்படும் பிற நாட்டுப் பொருள்களையும் தேவையான அளவுக்குத் தொட்டுச் செல்கின்றன.

என் கையில் இருப்பது அச்சுக் கண்ணாடிதானா என்பதை எப்படி உறுதி செய்வது?

உருகிய கண்ணாடியை இரும்பு அச்சுக்குள் இட்டு, மேலிருந்து ஓர் உலோக பிளஞ்சரை, அதாவது அழுத்தும் கட்டையை, நெம்புகோலால் இறக்கி அழுத்துவதே இந்த முறை. அமெரிக்காவில் 1820களில் இது வேரூன்றியது. மாசசூசெட்சின் சாண்ட்விச் என்ற ஊரில் டெமிங் ஜார்வ்ஸ் 1825இல் நிறுவிய கண்ணாடித் தொழிற்சாலை அதன் தொடக்ககால மையங்களில் ஒன்று. பொருளின் வெளிப்பக்கம் அச்சின் வடிவத்தையும், உட்பக்கம் பிளஞ்சரின் வடிவத்தையும் எடுத்துக்கொள்வதால், வெளியே மேடுபள்ளமாக அலங்காரம் இருந்தாலும் உள்ளே விரலால் தடவினால் பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும். அச்சுக்குள் ஊதிச் செய்த கண்ணாடியிலோ வெளியே மேடு உள்ள இடத்தில் உள்ளே பள்ளம் இருக்கும். பிளஞ்சர் மேலே திரும்பி வரவேண்டும் என்பதால் அழுத்திச் செய்த பொருளின் வாய் அகன்றிருக்கும். கழுத்துக் குறுகிய புட்டி ஒன்றை ஒரே அழுத்தலில் செய்ய முடியாது. அச்சின் துண்டுகள் சேரும் இடங்களில் மெல்லிய கோடுகள் தெரியும். வார்த்த பிறகு பொருளை உலையில் மீண்டும் காட்டித் தீ மெருகு ஏற்றினால் அந்தக் கோடுகள் மங்கிவிடும். ஆகவே கோடு தெளிவாக இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

நிறம் அபூர்வமாக இருக்கிறது. அதை வைத்தே தொழிற்சாலையைச் சொல்லிவிட முடியாதா?

முடியாது. விற்பவர்களும் வாங்குபவர்களும் முதலில் சறுக்குவது இங்கேதான். கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீசு கூடினால் ஊதா, செம்பு சேர்த்தால் நீலப்பச்சை, யுரேனியம் சேர்த்தால் மஞ்சளும் மஞ்சள் கலந்த பச்சையும் வரும் என்பது எல்லா நாட்டுக் கண்ணாடிக்காரர்களுக்கும் தெரிந்த செய்தி. ஒருவர் புகழ்பெறச் செய்த நிறத்தை அடுத்த தெருவில் இருந்தவர் சில மாதங்களில் செய்துவிட்டார். அச்சு அப்படிப்பட்டதல்ல. இரும்பில் கையால் செதுக்கிய அச்சு ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகளும் தனிப் பிழைகளும் உண்டு, அதைச் செய்யச் செலவும் மிகுதி. ஆகவே முதலில் வடிவத்தையும் அலங்காரத்தையும் பாருங்கள். அடுத்து முத்திரையைத் தேடுங்கள். பிறகு கண்ணாடியின் தன்மையை ஆராயுங்கள். நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கிடைத்த முடிவோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க மட்டும் அது உதவட்டும்.

அச்சுக்கூட முழுமையான சாட்சி அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொழிற்சாலை மூடும்போது அச்சுகள் விற்கப்பட்டன. நியூகாசிலில் மீன் வடிவ ஜக்குகளைச் செய்த ஹெப்பல் நிறுவனம் மூடிய பிறகு அதன் அச்சுகள் கேட்ஸ்ஹெட்டின் ஜார்ஜ் டேவிட்சன் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. எனவே வடிவம் ஒன்றே ஆனாலும் செய்தவர் இருவராக இருக்கலாம்.

பொருளின் மேல் சாய்சதுர வடிவில் ஒரு முத்திரை இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது?

அது பிரிட்டிஷ் வடிவமைப்புப் பதிவின் முத்திரை. 1842 முதல் 1883 வரை பயன்பட்டது. உச்சியில் ஒரு சிறு வட்டம் இருக்கும். கண்ணாடிப் பொருள் என்றால் அதனுள் ரோமன் எண் மூன்று இருக்க வேண்டும். அந்த வட்டத்துக்கு நேர் கீழே, சாய்சதுரத்தின் மேல் மூலையில், எழுத்து இருக்கிறதா எண் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து இருந்தால் அது 1842 முதல் 1867 வரையிலான முதல் வரிசை: மேல் மூலை ஆண்டையும், இடது மூலை மாதத்தையும், வலது மூலை நாளையும், கீழ் மூலை பதிவுக் கட்டின் (அன்று ஒன்றாகப் பதிவான வடிவமைப்புகளின் தொகுப்பின்) எண்ணையும் காட்டும். மேலே எண் இருந்தால் அது 1868 முதல் 1883 வரையிலான இரண்டாம் வரிசை: மேலே நாள், இடதில் கட்டு எண், வலதில் ஆண்டு, கீழே மாதம். இரண்டு வரிசைகளிலும் ஆண்டு எழுத்துகள் அகர வரிசையில் செல்லவில்லை, அதோடு இரண்டாம் முறையும் அதே எழுத்துகள் வந்தன. எடுத்துக்காட்டாக ஆங்கில 'P' எழுத்து முதல் வரிசையில் 1851ஐயும், இரண்டாம் வரிசையில் 1877ஐயும் குறிக்கிறது. 'எக்ஸ்' எழுத்து 1842ஐயும் 1868ஐயும் குறிக்கிறது. எழுத்து எந்த மூலையில் இருக்கிறது என்பதைக் கவனிக்காமல் அட்டவணையைத் திறந்தால் கால் நூற்றாண்டு பிசகிவிடும்.

நாளும் கட்டு எண்ணும் தெளிவாகத் தெரிந்தால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவேடுகளில் பதிவு செய்தவரின் பெயரைக் காணலாம். அச்சு தேய்ந்தோ தீ மெருகில் கரைந்தோ முத்திரை மங்கியிருப்பது வழக்கம். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பதும் பலன் தரும். கிண்ணத்தின் அடியில் மட்டும் தேடாதீர்கள். வடகிழக்குக் கண்ணாடியில் முத்திரை உட்புற அடியிலும், பக்கச் சுவரின் அலங்காரத்துக்கு நடுவிலும் ஒளிந்திருக்கும்.

சாய்சதுரம் இல்லை, 'Rd' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் மட்டுமே உள்ளன.

1884 முதல் சாய்சதுரத்துக்குப் பதிலாக ஒன்றிலிருந்து தொடங்கும் தொடர் எண் வந்தது. 1885ஆம் ஆண்டின் முதல் எண் 19754, 1886இல் 40480, 1887இல் 64520, 1888இல் 90483, 1889இல் 116648, 1890இல் 141273. ஆக, ஒரு லட்சத்தை ஒட்டிய எண் கொண்ட பொருளின் வடிவமைப்பு 1888இல் பதிவானது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எண் காட்டுவது வடிவமைப்பைப் பதிவு செய்த நாளையே அன்றி அந்தப் பொருளைச் செய்த நாளை அல்ல. விற்பனை நன்றாக இருந்தால் அதே அச்சு பல ஆண்டுகள் ஓடியிருக்கும். மேலும், பிரிட்டிஷ் பதிவு இருப்பதால் மட்டும் பொருள் பிரிட்டனில் செய்யப்பட்டது என்று ஆகிவிடாது. சில்பர் அண்ட் ஃபிளெமிங் போன்ற லண்டன் இறக்குமதி வணிகர்களும் தங்கள் பெயரில் வடிவமைப்புகளைப் பதிவு செய்தார்கள். பதிவேட்டில் வணிகரின் பெயர் வந்தால் தேடல் அங்கே முடியவில்லை என்று கொள்ள வேண்டும்.

மயில் தலை, சிங்கம் போன்ற முத்திரைகள் யாருடையவை?

மயிலின் தலை கேட்ஸ்ஹெட்டில் எலிசன் கண்ணாடித் தொழிற்சாலையை நடத்திய சோவர்பியின் வணிகச் சின்னம், 1876இல் பதிவானது. கோட்டைக் கொத்தளம் போன்ற கிரீடத்திலிருந்து சிங்கம் எழுந்து வருவது போன்ற சின்னம், அதே ஊரில் டீம்ஸ் தொழிற்சாலையை நடத்திய டேவிட்சனுடையது. அதைக் கண்டால் ஏறத்தாழ 1880களைச் சேர்ந்தது எனலாம். சண்டர்லேண்டில் இருந்த ஹென்றி கிரீனரும் சிங்கத்தையே வைத்துக்கொண்டார். 1870களின் நடுவிலிருந்து அந்தச் சிங்கம் நட்சத்திரம் ஒன்றைப் பிடித்திருந்தது. 1880களின் நடுவில் நட்சத்திரம் போய்க் கோடரி வந்தது. சிங்கம் என்றவுடன் ஒரே பெயரைச் சொல்லிவிடாமல், அது எதிலிருந்து எழுகிறது, எதைப் பிடித்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மான்செஸ்டரின் ஜான் டெர்பிஷைர், நங்கூரத்தோடு தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1870களில் பயன்படுத்தினார்.

மயில் தலை இருந்தால் விக்டோரியா அரசி காலம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சோவர்பி 1920களில் தன் பழைய அச்சுகளை வெளியே எடுத்து, அப்போது விற்பனையில் முந்திய வானவில் மினுக்குக் கண்ணாடியை, அதாவது கார்னிவல் கண்ணாடியை அவற்றில் வார்த்தது. அச்சில் செதுக்கிய மயில் தலையும் அப்படியே பதிந்தது. மினுக்குப் பூச்சோடு மயில் தலை கிடைத்தால், பெரும்பாலும் இப்படி ஐம்பது ஆண்டு கழித்துப் பிறந்த பொருளாகவே இருக்கும்.

ஊதாவும் வெள்ளையும் பளிங்குபோல் கலந்த கண்ணாடியை 'ஸ்லாக்' என்கிறார்கள். இரும்பு உலையின் கசடு இதில் கலந்திருக்கிறதா?

அந்தக் கதை எல்லா விற்பனைக் குறிப்புகளிலும் வருகிறது. டைன் கரையில் இரும்பாலைகளும் கண்ணாடி ஆலைகளும் அடுத்தடுத்து இருந்ததால் நம்பும்படியாகவும் இருக்கிறது. ஆனால் இந்த வரிகளை உண்டாக்குவது, ஒளி ஊடுருவாத வெள்ளைக் கண்ணாடியும் மாங்கனீசு ஊதாக் கண்ணாடியும் முழுதாகக் கலப்பதற்கு முன்பே அச்சில் போய் உறைந்துவிடுவதுதான். சோவர்பி இதற்கு மாலகைட் என்று பெயரிட்டு, 1877 முதல் விட்ரோ போர்சலின் என்று அழைத்த தன் ஒளி ஊடுருவாத கண்ணாடி வகைகளோடு சேர்த்து விற்றது. நாள் முடிவில் உலையில் மிஞ்சியதைத் தொழிலாளர்கள் கலந்து தங்களுக்காகச் செய்தது என்ற மற்றொரு கதையும் நிற்காது. பட்டியலில் பெயரும் அளவும் போட்டு விற்ற சரக்கு எச்சத்தில் பிறந்திருக்க முடியாது. அதைவிட அடிப்படையான காரணம் ஒன்றும் உண்டு: விரிவடையும் அளவு வேறுபடும் இரண்டு கண்ணாடிகளைக் கண்டபடி சேர்த்தால், ஆறும்போதே விரிசல் விழும். இரண்டையும் ஒத்துப்போகும்படி திட்டமிட்டே காய்ச்ச வேண்டும்.

ஊதா வகை மிகுதியாகக் கிடைக்கிறது. நீலம், பச்சை, பழுப்பு வகைகள் குறைவு. சோவர்பி, டேவிட்சன், கிரீனர், ஹெப்பல் எல்லோருமே ஊதா மாலகைட் செய்தார்கள். அட்லாண்டிக்கின் மறுகரையில் பென்சில்வேனியாவின் டாரன்டம் நகரில் சாலினர், டெய்லர் நிறுவனமும் 1880களில் இதே தோற்றத்தில் மொசைக் என்ற பெயருடன் விற்றது. ஒரு வெண்ணெய்க் கிண்ணத்தை ஊதா வரிகளைப் பார்த்து மட்டும் சோவர்பி என்று எழுதுவது, மாம்பழத்தின் மஞ்சளை மட்டும் பார்த்து அது சேலத்து மாம்பழம் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

1923இல் டேவிட்சன் கொண்டுவந்த கிளவுட் கண்ணாடியையும் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். அதில் வெள்ளை கிடையாது. ஒளி ஊடுருவும் கண்ணாடிக்குள் அடர்ந்த நிறத்தின் புகைச்சுருள் ஓடும். விளக்கின் முன் பிடித்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

விளிம்பு மட்டும் பால்நிறமாக வெளுத்திருப்பதற்கு வேறு கண்ணாடி ஒட்டப்பட்டதா?

இல்லை, முழுவதும் ஒரே கண்ணாடிதான். டேவிட்சன் 1889இல் காப்புரிமை பெற்ற பேர்லைன் என்ற வகையில், சூடு பட்டால் வெளுக்கும் சேர்மானம் இருக்கிறது. அச்சிலிருந்து எடுத்த பொருளைச் சற்று ஆறவிட்டு, விளிம்பையும் மேடான அலங்காரத்தையும் மீண்டும் உலையின் வாயில் காட்டும்போது, சூடேறிய இடங்கள் மட்டும் பால்போல் திரள்கின்றன. அடிப்பகுதி தெளிவாகவே நிற்கிறது. நீலமும், பிரிம்ரோஸ் என்ற எலுமிச்சை மஞ்சளும் இதன் முதன்மை நிறங்கள்; மஞ்சளுக்குக் காரணம் யுரேனியம். பேர்லைனில் பெரும்பாலும் சிங்க முத்திரை இருக்காது, ஆனால் பதிவு எண் இருப்பதுண்டு. அமெரிக்கர்களும் விளிம்பு வெளுக்கும் கண்ணாடியை ஏராளமாகச் செய்தார்கள். வடிவமைப்பைப் பழைய பட்டியல்களோடு ஒப்பிடாமல் இரண்டையும் பிரிக்க வழியில்லை.

புற ஊதா டார்ச்சில் பச்சையாக ஒளிர்ந்தால் அது பழையது என்று பொருளா?

யுரேனியம் இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். பொஹீமியாவில் ரீடல் குடும்பம் 1830களிலேயே யுரேனியக் கண்ணாடியைச் செய்தது. இன்றும் சில சிறு தொழிற்சாலைகள் செய்கின்றன. எனவே ஒளிர்வு வயதையும் சொல்லாது, ஊரையும் சொல்லாது. ஒன்றை விலக்க மட்டும் உதவும்: பிரிம்ரோஸ் பேர்லைன் என்று விற்கப்படும் பொருள் ஒளிரவே இல்லை என்றால் அந்தப் பெயர் தவறு. மங்கலான பச்சை ஒளிர்வு மாங்கனீசாலும் வரும். நிறமற்ற பழைய கண்ணாடியில் அது சாதாரணம். காட்மியம் கலந்த மஞ்சள், ஆரஞ்சுக் கண்ணாடிகள் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ ஒளிரும். 365 நானோமீட்டர் டார்ச் வாங்குவது நல்லது. மலிவான 395 நானோமீட்டர் டார்ச்சின் ஊதா வெளிச்சம் மங்கலான ஒளிர்வை மூழ்கடித்துவிடுகிறது.

கருப்புக் கண்ணாடி, தந்த நிறக் கண்ணாடி?

சோவர்பி கருப்பை ஜெட் என்றும் தந்த நிறத்தை குவீன்ஸ் ஐவரி என்றும் விற்றது. கருப்பை மிக வலுவான விளக்கின் முன், மெல்லிய விளிம்புப் பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். அடர்ந்த ஊதா தெரிந்தால் மாங்கனீசைக் கூட்டிக் கருப்பாக்கியது என்று அறியலாம். தந்த நிறப் பொருள்களில் ஓவியர் வால்டர் கிரேனின் குழந்தைப் பாடல் ஓவியங்களைத் தழுவிய புடைப்புருவங்கள் கொண்ட சிறு பூச்சாடிகள் சேகரிப்போர் பெரிதும் தேடுபவை. என்னைக் கேட்டால், இந்தத் தொழிற்சாலைகள் செய்தவற்றில் அச்சு செதுக்கியவரின் கைத்திறன் மிகத் துல்லியமாகத் தெரிவது இவற்றில்தான்.

மாலகைட் என்று வாங்கினேன். ஆனால் கரும்பச்சை வரிகளும் பெண் உருவங்களும் உள்ளன. இதுவும் சோவர்பியா?

பெரும்பாலும் அல்ல. செக் நாட்டின் யாப்லோனெட்ஸ் வட்டாரத்தில் கர்ட் ஷ்லெவோக்ட் 1934இல் தம் மகள் இங்ரிட் பெயரில் வெளியிட்ட வரிசையும், ஹைன்ரிக் ஹோஃப்மன் விற்றவையும் உண்மையான மாலகைட் கல்லைப் போன்ற பச்சைக் கண்ணாடியில் வந்தன. புடைப்புருவங்கள் மிகக் கூர்மையாகவும், தட்டையான பகுதிகள் சாணை பிடித்து மெருகேற்றியும் இருக்கும். விளிம்புகளில் இந்தக் கைவேலை தெரியும். சோவர்பியின் பொருள்கள் சாதாரண வீட்டுப் புழக்கத்துக்காக மலிவு விலையில் செய்யப்பட்டவை. செக் அச்சுகளும் பிறகு மீண்டும் பயன்பட்டதால், அந்தப் பொருள்களிலும் ஆண்டைச் சொல்வதில் நிதானம் தேவை.

முத்திரை எதுவுமே இல்லை. எந்த நாடு என்று எங்கிருந்து தொடங்குவது?

முத்திரை இல்லாததே பெரும்பான்மை. அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். பிரெஞ்சு வகைகளில் லொரேன் பகுதியின் வாலரிஸ்தால், போர்த்தியு ஆகிய இரண்டு தொழிற்சாலைகளையும் முதலில் நினைக்கலாம். மூடி மேல் கோழியோ பிற விலங்கோ அமர்ந்த கிண்ணங்கள், நீல, வெள்ளைப் பால் கண்ணாடிப் பொருள்கள் அங்கிருந்து ஏராளமாக வந்தன. சிலவற்றில் ஊர்ப்பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும். அமெரிக்காவில் சாக்லேட் பழுப்பில் பால் கலந்தது போன்ற கண்ணாடியை ஜேக்கப் ரோசன்தால் 1900இல் இண்டியானாவின் கிரீன்டவுனில் உருவாக்கினார். அந்தத் தொழிற்சாலை 1903 ஜூனில் தீயில் அழிந்தது. ஆனால் அதே நிறத்தை ஃபென்டன் உட்பட மற்ற நிறுவனங்களும் செய்தன. ஆகவே சாக்லேட் நிறமெல்லாம் கிரீன்டவுன் அல்ல. அந்த மூன்று ஆண்டுகளில் அங்கே இருந்த அச்சுகளோடு வடிவம் பொருந்த வேண்டும்.

ஈயம் கலந்ததா, சோடா சுண்ணாம்புக் கண்ணாடியா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. பொருளைத் தராசில் எடை பாருங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் முழுதாக மூழ்கத் தொங்கவிட்டு எடை பாருங்கள். முதல் எடையை இரண்டு எடைகளின் வேறுபாட்டால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். வெளியே 500 கிராம், நீரில் 300 கிராம் என்றால் விடை 2.5, அது சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. மூன்றை எட்டினால் ஈயம் கணிசமாக இருக்கிறது. அமெரிக்காவில் வீலிங் நகரின் வில்லியம் லெய்டன் 1864இல் நல்ல சோடா சுண்ணாம்புக் கலவையைக் கண்டறிந்த பிறகு அங்கே மலிவுச் சரக்கில் ஈயம் வேகமாக மறைந்தது என்பதால், அமெரிக்கப் பொருளுக்கு இந்த எண் காலக்குறிப்பாகவும் பயன்படும்.

காரைக்குடி பழம்பொருள் கடைகளில் ஆரஞ்சு நிறத்தில் வானவில் மினுக்கோடு தம்ளர்களும் பூச்சாடிகளும் கிடைக்கின்றன. இவையும் இங்கிலாந்திலிருந்து வந்தவையா?

அடியைத் திருப்பி 'ஜெயின்' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் இருந்த ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலையின் சரக்கு. இந்தியாவில் செய்த கார்னிவல் கண்ணாடியை வெளிநாட்டுச் சேகரிப்போர் இன்று தனிப் பிரிவாகவே தேடுகிறார்கள். கண்ணாடி மெல்லியதாகவும், மினுக்குப் பூச்சு மேற்பரப்பில் மட்டும் நின்று தேய்ந்த இடங்களில் அடிநிறம் வெளிப்படுவதாகவும் இருக்கும். இவற்றில் பல, அச்சுக்குள் ஊதிச் செய்தவை; முதல் கேள்வியில் சொன்ன விரல் சோதனையை இங்கே செய்து பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியே வரும் ஐரோப்பியப் பொருள்களோடு ஒரே அலமாரியில் இருப்பதால், கடைக்காரர் இரண்டையும் 'பெல்ஜியம்' என்ற ஒரே பெயரில் விற்பதும் உண்டு.

பிற்காலப் போலியை எப்படிக் கண்டுகொள்வது?

பழைய அச்சில் புதிதாக வார்த்தது, பழையதைப் பார்த்துப் புதிதாக அச்சுச் செய்தது, பழைய கண்ணாடியின் நிறத்தையே மாற்றியது என மூன்று வகை இருக்கிறது. அமெரிக்காவின் இம்பீரியல் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊதா ஸ்லாக்கை மீண்டும் செய்தது. அதில் 'ஐ', 'ஜி' என்ற எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். புது அச்சில் செய்ததில் அலங்காரத்தின் விளிம்புகள் மழுங்கி, நுண் விவரங்கள் குழைந்திருக்கும். அடியில் தரையைத் தொடும் வளையத்தைப் பாருங்கள்: நூறாண்டுப் புழக்கம் எல்லாத் திசைகளிலும் மெல்லிய கீறல்களை விட்டிருக்கும், உப்புத்தாளால் தேய்த்தது ஒரே போக்கில் ஓடும், தரையைத் தொடாத இடத்திலும் இருக்கும்.

மூன்றாம் வகைதான் ஆபத்தானது. மாங்கனீசு சேர்த்து நிறம் நீக்கிய பழைய கண்ணாடி, வெயிலில் பல ஆண்டுகள் கிடந்தால் மெல்லிய ஊதா ஏறும். சிலர் இதையே கதிர்வீச்சில் வைத்துச் சில நாளில் அடர் ஊதா ஆக்கி, கேள்விப்படாத நிறம் என்று விலையை ஏற்றுகிறார்கள். அச்சும் முத்திரையும் உண்மையானவை என்பதால் பிற சோதனைகளில் அது தேறிவிடும். அந்த வடிவமைப்பு எந்தப் பழைய பட்டியலிலும் அந்த நிறத்தில் இல்லை, ஆனால் நிறமற்ற கண்ணாடியில் மட்டும் நிறையக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

கடைசிவரை உறுதி கிடைக்காவிட்டால் என்ன எழுதி வைப்பது?

தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். உயரம், வாயின் அகலம், எடை, அச்சுக்கோடுகளின் எண்ணிக்கை, அடர்த்தி, புற ஊதாவில் என்ன தெரிந்தது, முத்திரையின் படம், எங்கே வாங்கியது ஆகியவை போதும். முத்திரையோ பதிவேடோ இருந்தால் மட்டுமே 'சோவர்பி' என்று எழுதலாம். அதே வடிவமைப்பில் முத்திரை உள்ள வேறொரு பொருளின் அளவுகள் உங்களுடையதோடு மில்லிமீட்டர் அளவில் பொருந்தினால் 'சோவர்பியாகக் கருதப்படுவது' என்று எழுதலாம். கேட்ஸ்ஹெட்டின் ஷிப்லி ஓவியக் காட்சியகத்தில் அந்த ஊரின் அச்சுக் கண்ணாடித் தொகுப்பு இருக்கிறது. அளவுகளையும் முத்திரையின் படத்தையும் சேர்த்து அனுப்பிக் கேட்டால், ஒப்பிடுபவருக்கும் வேலை எளிதாகும். நிறமும் தோற்றமும் மட்டுமே சான்றாக இருந்தால் 'இங்கிலாந்து அல்லது அமெரிக்கா, ஏறத்தாழ 1880–1900' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.